ஒரு படத்துக்குள் எத்தனை படம் தெரியுமா?

கடலையும் மேகத்தையும் ஒன்றாகப் படம்பிடிப்பது 1850-களில் பெரும்பாடு, தெரியுமா? அன்றைய கண்ணாடி நெகட்டிவ்கள் நீல ஒளியைக் கண்டால் தாங்காது. கடல் பதிவாவதற்குள் வானம் வெளுத்துவிடும்! பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே என்ன செய்தார்? வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். 1857-இல் பிரான்ஸின் செத் கடற்கரையில் எடுத்த ‘பெரிய அலை’ படத்தை உற்றுப் பாருங்கள். தொடுவானத்தில் ஒட்டுப்போட்ட இடம் சிக்கும். பிடித்துப்போன ஒரே வானத்தை வேறு கடல்களுக்கு மேலேயும் மாட்டினார், கில்லாடி!

அணுகுண்டு வெடிப்பைப் படமெடுக்கவே ஒரு ஃபிலிம் இருந்தது, தெரியுமா? சார்லஸ் வைகாஃப் உருவாக்கியது. ஒன்றுக்கொன்று ஒளியுணரும் வேகம் மாறுபட்ட மூன்று அடுக்குகள்! கண்ணைப் பறிக்கும் நடுப்பகுதி மந்தமான அடுக்கிலும், மங்கலான ஓரம் வேகமான அடுக்கிலும் விழும். ஒரே சொடுக்கில் மூன்று எக்ஸ்போஷர்!

முழு சூரிய கிரகணத்தில் சூரியனைச் சுற்றித் தெரியும் கொரோனாவின் உள்விளிம்புக்கும் வெளிப்புறத்துக்கும் வெளிச்சத்தில் ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிப்பு என்பதால், பத்து ஸ்டாப்பில் 1,024 மடங்கு! செக் நாட்டுக் கணிதப் பேராசிரியர் மிலோஸ்லாவ் த்ருக்முல்லர் வெவ்வேறு ஷட்டர் வேகத்தில் எடுத்த பல படங்களைக் கலக்கிக் கொரோனாவின் இழைகளைத் துலக்குகிறார். பூமி பிரதிபலிக்கும் ஒளியில் கருநிலாவின் பள்ளங்கள்கூடத் தெரியும். பல எக்ஸ்போஷர்களை இப்படி ஒன்றாக்குவதற்கு ஹெச்.டி.ஆர். என்று பெயர். உலகில் இதைவிட அழகான ஹெச்.டி.ஆர். இல்லை என்பது என் கட்சி. (மரத்தைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் போட்டு, புல்லைப் பச்சைப் பெயின்ட்டாக்கும் படங்களையும் ஹெச்.டி.ஆர். என்றுதான் சொல்கிறார்கள். அது தனிக் கொடுமை!)

உங்கள் செல்போன்? கேமராவைத் திறந்தால் போதும், பட்டனைத் தொடுமுன்பே அது படமெடுத்துக்கொண்டிருக்கும், தெரியுமா? கூகுளின் ஹெச்.டி.ஆர். பிளஸ் கேமரா மென்பொருள் ஆரம்பத்தில் எல்லாப் படங்களையும் வேண்டுமென்றே இருட்டாக எடுத்தது! வானம் வெளுக்கக் கூடாதே. இருட்டாக எடுத்ததால் நிழலில் மொய்க்கும் புள்ளிகளுக்கு என்ன வழி? ஒன்பது படங்களைச் சராசரி எடுத்தால் புள்ளித் தொல்லை மூன்றில் ஒன்றாகும். அப்புறம் நிழலைத் தைரியமாக வெளிச்சமாக்கலாம். நடுவில் நாய் குறுக்கே ஓடினால்? பொருந்தாத துண்டுகளை மட்டும் கழித்துவிடும். இல்லாவிட்டால் அந்த நாய்க்குப் பன்னிரண்டு கால் முளைத்திருக்கும்!