காருக்குள் பூசுவது மூச்சுக்குள் போகும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்களில் பலர் அப்படியே கடற்கரையிலும் கால் நனைத்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். அதுவரை வண்டி வெயிலில் நிற்கிறது. திரும்பும்போது மணல், ஈரத்துணி, பிரசாதப் பிசுக்கு, கல்யாண வேண்டுதலுக்குச் சாத்தி வாங்கிய மாலை எல்லாம் உள்ளே ஏறிக்கொள்கின்றன. பிறகு வாட்டர் வாஷுக்கு விடுகிறோம். டேஷ்போர்டில் பாலிஷ் தேய்த்து, வாசனை ஸ்ப்ரே அடித்து, புதுவண்டிபோல் தருகிறார்கள். என்ன பூசினார்கள் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டும். காரின் உட்புறத்துக்கு வாங்கும் பொருளை, நாம் சுவாசிக்கப் போகும் பொருளாகக் கருதியே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூடிய இடம், கொதிக்கும் டேஷ்போர்டு

காரின் உட்புறம் வீட்டின் சிறிய அறையைவிடவும் சிறியது. கண்ணாடியை ஏற்றி, வெளிக்காற்று வராதபடி ஏசி போட்டுவிட்டால் உள்ளே இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும். அமெரிக்காவின் அரிசோனாவில் கோடைக்காலத்தில் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் உட்புறக் காற்று சராசரியாக 47 டிகிரி செல்சியஸை எட்டியது. டேஷ்போர்டு 69 டிகிரிக்குப் போனது. நிழலில் நின்ற கார்களில் டேஷ்போர்டு 48 டிகிரியோடு நின்றது.

சூடு ஏற ஏற, பிளாஸ்டிக்கிலிருந்தும் பசையிலிருந்தும் நாம் பூசிய பாலிஷிலிருந்தும் ஆவியாகும் ரசாயனங்கள் அதிகமாக வெளிவரும். கண் எரிச்சல், தலைவலி, தொண்டைக் கரகரப்பு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு ஆகியவை இவற்றால் வரலாம். வெயிலில் நின்ற வண்டியின் கதவுகளை முதலில் நன்றாகத் திறந்து வையுங்கள். கிளம்பிய பின்னும் சில நிமிடங்கள் கண்ணாடியை இறக்கி ஓட்டிவிட்டு, பிறகு ஏசி போடுங்கள்.

ஸ்ப்ரேயா, திரவமா?

எந்தப் பொருள் என்பதோடு, எந்த வடிவில் வருகிறது என்பதும் முக்கியம். பத்து ஐரோப்பிய நாடுகளில் வீட்டைச் சுத்தம் செய்யும் 3,503 பேரைச் சுமார் ஒன்பது ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2007இல் வெளியானது. வாரம் ஒருமுறையாவது ஸ்ப்ரே பயன்படுத்தியவர்களிடம் ஆஸ்துமா அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. கண்ணாடி, மரச்சாமான், அறை வாசனை ஆகியவற்றுக்கான ஸ்ப்ரேக்களே அதில் முன்னிலையில் நின்றன. ஸ்ப்ரே அல்லாத திரவங்களுக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை.

ஜெர்மனியில் 2006 மார்ச்சில் நடந்தது இன்னும் தெளிவான எச்சரிக்கை. கண்ணாடியிலும் பீங்கானிலும் அழுக்கு ஒட்டாமல் காக்கும் ஒரு பொருளை அழுத்த வாயு டப்பாவில் அடைத்து விற்றார்கள். அதை அடித்தவர்கள் பலர் மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைக்குப் போக, பொருள் திரும்பப் பெறப்பட்டது. கையால் அழுத்தும் பாட்டிலில் விற்றபோது இப்படிப் புகார் எழவில்லை. மிக நுண்ணிய துளிகள் நுரையீரலின் அடியாழம் வரை போகும் என்பதே காரணம். சீட்டில் தண்ணீரும் கறையும் ஒட்டாமலிருக்க அடிக்கும் ஸ்ப்ரேக்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

எதற்கு எது?

டேஷ்போர்டு, கதவு: அரை வாளித் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான ஷாம்பு கலந்து, மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைத்தாலே பெரும்பாலான அழுக்கு போய்விடும். வெயிலிலிருந்து காக்கப் பூச்சு வேண்டுமென்றால், நீரை அடிப்படையாகக் கொண்டதும் புற ஊதாக் கதிர்த் தடுப்பு உள்ளதும் பளபளக்காததுமான பொருளை வாங்குங்கள். எண்ணெய்போல் மின்னும் பாலிஷ் முன்கண்ணாடியில் பிரதிபலித்துப் பார்வையை மறைக்கும், தூசியையும் இழுக்கும். வண்டி நிற்கும்போது முன்கண்ணாடிக்கு ஒரு வெயில் மறைப்பு வைப்பது எந்தப் பூச்சையும்விட நல்ல பாதுகாப்பு.

ஸ்டியரிங், கியர், பெடல்: இவற்றில் பாலிஷே கூடாது. வழுக்கும், விபத்தாகும்.

சீட் பெல்ட்: மென்மையான சோப்பு நீரில் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். ப்ளீச்சும் கடுமையான கரைப்பான்களும் நாடாவின் இழைகளைப் பலவீனமாக்கும்.

ஏர்பேக் மூடி: ஈரத்துணியால் மேலாகத் துடைத்தால் போதும். எதையும் ஊற்றவோ ஊற விடவோ வேண்டாம்.

கண்ணாடி: அமோனியா இல்லாத திரவம் நல்லது. அமோனியா கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். கண்ணாடியில் ஒட்டிய ஃபிலிமையும் கெடுக்கும்.

தோல் சீட்: தோலுக்கென்று விற்கும் திரவத்தையே பயன்படுத்துங்கள். சானிட்டைசரை அடிக்கடி தேய்த்தால் தோல் வறண்டு வெடிக்கும்.

எதுவானாலும் பரப்பின் மேல் நேரடியாக அடிக்காமல், துணியில் ஊற்றித் துடையுங்கள். நான்கு கதவுகளும் திறந்திருக்கட்டும்.

வண்டிக்குள் வரவே கூடாதவை

பினாயில், ஆசிட், ப்ளீச்சிங் பவுடர் ஆகியவை காருக்கு உரியவை அல்ல. ப்ளீச்சும் ஆசிடும் கலந்தால் குளோரின் வாயு வரும். ப்ளீச்சும் அமோனியாவும் கலந்தால் குளோரமைன் வரும். இரண்டுமே நுரையீரலைப் புண்ணாக்கும். பசைக் கறையைப் போக்கப் பெட்ரோல், தின்னர் தொடுவது மூச்சுக்கும் ஆபத்து, தீக்கும் ஆபத்து.

எலியை விரட்டவும் நாற்றத்துக்கும் அந்துருண்டை போடுகிறவர்கள் உண்டு. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டையில் இருக்கும் நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடும் ரத்தசோகையை உண்டாக்கும். ஸ்ப்ரே டப்பாக்களையும் வண்டியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். டேஷ்போர்டு அந்தச் சூட்டைத் தாண்டிவிடும்.

லேபிள் இல்லாத கேனில் விற்கும் பாலிஷை வாங்காதீர்கள். குளிர்பான பாட்டிலில் எந்தத் திரவத்தையும் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலோடு மருத்துவமனைக்குப் போங்கள், 108ஐ அழையுங்கள். கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள்.

கடலோர வண்டிக்கு

கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம் பக்கம் ஓடும் வண்டிகளின் முதல் எதிரி உப்பும் ஈரமும்தான். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் தங்கிய மேட்டிலும் சீட்டிலும் பூஞ்சை பிடிக்கும். அதுவே தும்மலுக்கும் இழுப்புக்கும் வழி. மணல் காய்ந்ததும் வாக்குவம் க்ளீனரால் உறிஞ்சி எடுங்கள். மேட்டை வெளியே எடுத்து நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்தே திரும்பப் போடுங்கள்.

வேண்டுதல் மாலையை வீடு வரை கொண்டுபோக வேண்டும்; திருமணம் முடிந்து திரும்பக் கொண்டுவர வேண்டும். அதைச் சீட்டின் மேல் போடாமல் துணிப்பையில் வையுங்கள். ஏசியிலிருந்து புழுங்கல் நாற்றம் வந்தால் அதன் மேல் வாசனையைத் தெளிப்பது தீர்வாகாது. கேபின் ஃபில்டரை மாற்றி, ஏசியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

தினமும் மூச்சில் வாங்குகிறவர்கள்

நமக்கு மாதம் ஒரு முறை. வாட்டர் வாஷ் கடைத் தொழிலாளிக்கு ஒரே நாளில் எத்தனையோ வண்டி. டிராவல்ஸ் ஓட்டுநருக்கு நாளெல்லாம் அதே காற்று. சுத்தம் செய்யும் பொருட்களை ஆண்டுக்கணக்கில் கையாண்ட பெண்களின் நுரையீரல் செயல்திறன் வேகமாகக் குறைந்ததை, நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகம் தலைமையில் 6,000க்கும் மேற்பட்டவர்களை இருபது ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2018இல் காட்டியது. கடை முதலாளிகள் கையுறை தர வேண்டும். கதவுகளைத் திறந்து வைத்தே வேலை நடக்க வேண்டும். அடுத்த முறை வண்டியை விடும்போது, "தம்பி, பாலிஷும் சென்ட்டும் வேண்டாம், மண்ணை எடுத்து ஈரத்துணியால துடைச்சா போதும்" என்று சொல்லுங்கள். அது உங்கள் பிள்ளைகளின் நுரையீரலையும் காக்கும். அந்தத் தம்பியின் நுரையீரலையும் காக்கும்.