பார்த்து எழுதினால் படிப்பு ஏறுமா?

கொள்ளுப்பிட்டியில் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல், 100ஆம் இலக்க பஸ்ஸில் நேரே வெள்ளவத்தை ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் பலர். வீடு திரும்பினால் ஹோம்வேர்க். ஐந்தாம் வகுப்பென்றால் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் வேறு! இவ்வளவும் எழுதினால் படிப்பு ஏறுமா?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஹாரிஸ் கூப்பரும் குழுவினரும் 1987 முதல் 2003 வரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி, 2006இல் ஒரு விடை சொன்னார்கள். ஏழாம் வகுப்பும் அதற்கு மேலும் என்றால், வீட்டுப்பாடம் செய்கிறவர்களுக்குப் புள்ளி கூடுதலாக வருவது தெளிவாகவே தெரிந்தது. சின்ன வகுப்புகளில் அந்தத் தொடர்பு மெலிது. (இதை அம்மாவிடம் காட்ட இப்போதே ஓடாதீர்கள்.) வீட்டுப்பாடம் செய்ததால் கெட்டிக்காரர் ஆனார்களா, கெட்டிக்காரர் என்பதால் ஒழுங்காகச் செய்தார்களா என்ற கேள்வியும் இருக்கிறதல்லவா?

எவ்வளவு எழுதுகிறோம் என்பதைவிட எப்படி எழுதுகிறோம் என்பதுதான் எனக்குச் சுவையான விஷயம். அதே 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்குச் சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் சிறு பாடங்கள் கொடுத்தார்கள். ஒரு பாடத்தை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். மற்றதை ஒரு தரம் வாசித்துவிட்டு, தாளைப் பாராமல் நினைவில் உள்ளதை எழுத வேண்டும். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்ப வாசித்ததுதான் முந்தியது: 81 வீதம், மற்றது 75. ஒரு கிழமை கழித்தோ நிலைமை தலைகீழ். திரும்ப வாசித்ததில் 42 வீதம்தான் மிஞ்சியது. பாராமல் எழுதியதில் 56!

புத்தகத்தைத் திறந்து வைத்து விடை எழுதும்போது உங்கள் கண்ணைக் கவனியுங்கள். மேலே ஒரு சொல், கீழே ஒரு சொல். கை எழுதிக்கொண்டே இருக்கும், மனம் காலிமுகத்திடலில் பட்டம் விடும். பாராமல் எழுதும்போது அது நடக்காது. மூளை தேடியே ஆகவேண்டும். அப்படித் தேடி எடுக்கும்போதுதான் நினைவு பலப்படுகிறது.

இன்றைக்கு நீர் வட்டத்தில் முயன்று பாருங்கள். ஒரு தரம் வாசித்து, புத்தகத்தை மூடி, படத்தைக் கீறிப் பெயர்களை எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து சிவப்புப் பேனையால் திருத்துங்கள். ஆவியாதல் இருக்கவேண்டிய இடத்தில் ஒடுங்கல் என்று எழுதியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். அதே படத்தை அடுத்த கிழமையும் பாராமல் ஒருக்கால் கீறுங்கள்.