கடைமடையைப் பார்க்கப் போவோம்!

நாற்பது ஐம்பது ஆண்டுகள் மண்ணோடு உழைத்துவிட்டு, நிலத்தைக் குத்தகைக்கு விட்டோ, தம்பி மகனிடம் ஒப்படைத்தோ, சென்னையில் இருக்கும் பிள்ளைகளோடு வந்து தங்கும் விவசாயிகள் இன்று அதிகம். யானைக்கவுனி, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எனத் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டிய வடசென்னைத் தெருக்களிலும் இவர்களைப் பார்க்கலாம். முதல் ஒரு மாதம் பேரப்பிள்ளைகளோடு ஓடிவிடும். அதற்குப் பிறகுதான் சிரமம். விடியற்காலை நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடும்; எழுந்து போவதற்கு வயல் இருக்காது. பகல் முழுவதும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து, கால் வீங்கி, பேச்சுக் குறைந்து, "ஊருக்கே போய்விடுகிறேன்" என்று சொல்லத் தொடங்குவார்கள்.

நீங்களோ, உங்கள் வீட்டுப் பெரியவரோ இந்த நிலையில் இருந்தால், மருந்துக் கடைக்குப் போகும் முன் ரயில் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். வடசென்னையில் பார்க்கத்தக்க இயற்கை இல்லை என்று உள்ளூர்க்காரர்களே சொல்வார்கள். தண்ணீர் பாய்ச்சிப் பழகியவருக்கு இங்கே பார்க்க நிறைய உண்டு. ஏனென்றால் வடசென்னை என்பது கொசஸ்தலையாற்றின் கடைமடை.

திருவள்ளூர் மாவட்டத்தின் வழியாக வரும் இந்த ஆற்றின் குறுக்கேதான் 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பப்படும் நீர் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து புழல் ஏரிக்கும் போகிறது. மிச்ச நீர் வல்லூர் அணைக்கட்டைத் தாண்டி, எண்ணூர் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. அந்தக் கடைமடையை நோக்கி, அதிகம் நடக்காமல், அதிகச் செலவில்லாமல் போய்வரக்கூடிய நான்கு பயணங்கள் இதோ.

முதல் நாள்: மாதவரம் பூங்கா

புதிய ஊரில் முதல் பயணம் அரை நாளுக்கு மேல் வேண்டாம். மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் தோட்டக்கலைத் துறையின் தாவரவியல் பூங்கா இருக்கிறது. காலையில் சீக்கிரம் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். திறக்கும் நேரத்தையும் விடுமுறை நாளையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பூங்காவை வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்தாமல் ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளையை உடன் அழைத்துப்போய், இலையைப் பார்த்து மரத்தின் பெயர் சொல்லும் பழக்கத்தை உண்டாக்குங்கள். எந்த மரம் வரப்பில் வைக்கலாம், எது ஆடு கடிக்கும், எதன் தழை உரமாகும் என்பது புத்தகத்தில் படித்து வருவதல்ல. உங்களிடம் இருக்கிறது, கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமும் மாதவரத்தில்தான். மாடு, ஆடு வைத்திருந்தவர்களுக்குப் பக்கத்து வீடு போன்ற இடம். ஊரில் பண்ணையைக் கவனிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல, அங்கே நடக்கும் பயிற்சிகள் பற்றி விசாரித்துவிட்டும் வரலாம்.

இரண்டாம் நாள்: திருவொற்றியூர்

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 முதல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. மின்தூக்கி இருப்பதால் மூட்டு வலிக்காரர்களும் தயங்க வேண்டாம். திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் தியாகராஜர் – வடிவுடையம்மன் கோயில் பக்கம்தான்.

இந்தக் கோயிலின் தல மரம் மகிழம். சங்கிலி நாச்சியாரைப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்ததாகத் தல வரலாறு சொல்கிறது. காய்ந்த பிறகும் வாசம் போகாத பூ மகிழம்பூ.

அங்கிருந்து ஆட்டோவில் கடற்கரைப் பக்கம் போனால் பட்டினத்தார் சமாதி. கையில் வைத்திருந்த பேய்க்கரும்பு எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கேதான் முக்தி என்று ஊர் ஊராகத் திரிந்தவருக்கு, அது திருவொற்றியூரில் இனித்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கரும்பு போட்டவர்களுக்குத் தெரியும், நுனிக்கரும்பில் இனிப்பு வருவது எவ்வளவு அரிது என்று.

கடலோரம் வந்ததும் கரை நெடுகக் கொட்டியிருக்கும் கருங்கற்களைக் கவனியுங்கள். தமிழகத்தின் இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டியபோது அந்த மணல் தெற்கே தங்கிவிட்டது. மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் கரைகளைக் கடல் அரித்தது. அந்த அரிப்பைத் தடுக்கத்தான் இந்தக் கற்கள். வாய்க்காலில் மேலே ஒருவர் குறுக்கே கட்டினால் கீழே உள்ளவர் வயல் காய்கிற அதே கணக்குதான் கடலிலும்.

கற்கள் மேல் ஏறவேண்டாம், வழுக்கும். கரையில் உட்கார்ந்து காற்று வாங்கினால் போதும்.

மூன்றாம் நாள்: ரயில் ஜன்னல் வழியே எண்ணூர்

யானைக்கவுனி பாலத்தின் மேல் நின்றால், சென்ட்ரலுக்குள் நுழையும் தண்டவாளங்கள் காலடியில் கிடக்கும். பக்கத்திலேயே உள்ள மூர் மார்க்கெட் வளாகப் புறநகர் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் ரயில்கள் போகின்றன. அலுவலகக் கூட்டம் குறைந்த பிறகு, பத்து மணிக்கு மேல் ஏறுங்கள். வலப்பக்க ஜன்னல் ஓரம் உட்காருங்கள், அதுதான் கிழக்கு.

பேசின் பாலம், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று சரக்குக் கிடங்குகளும் எண்ணெய்த் தொட்டிகளுமாகத்தான் வரும். எண்ணூர் நிலையம் தாண்டியதும் ரயில் பாலத்தின் மேல் ஏறும். திடீரென்று இரண்டு பக்கமும் தண்ணீர். தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், இடையில் உப்பங்கழி, ஓரங்களில் கரும்பச்சைப் புதர்கள். அந்தப் புதர்கள்தான் அலையாத்தி மரங்கள். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் காடாக இருப்பவை இங்கே திட்டுத்திட்டாக மிஞ்சியிருக்கின்றன.

ரயில் பாலம் கடந்துவிடும் முன், விவசாயிகள் நாம் அடிக்கடி சொல்லும் ஒரு பேச்சை நினைத்துப் பாருங்கள். "ஆற்றுத் தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது." எண்ணூரைப் பார்த்தவர்கள் அந்தப் பேச்சைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து, நன்னீரும் உப்புநீரும் கலந்த இடத்தில் வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகின்றன. அதாவது கழிமுகம்தான் கடலின் நாற்றங்கால். ஆற்று நீர் வராவிட்டால் நாற்றங்கால் காய்ந்துபோகும். இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைப் பறியில் போடும் இருளர் குடும்பங்களின் பிழைப்பு இந்த நாற்றங்காலை நம்பித்தான்.

இன்னொன்று நம் வயலோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. கழிமுகம்தான் இந்தப் பகுதி முழுவதற்கும் வடிகால். அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகக் கசிந்து படிந்து ஆற்றின் ஆழம் குறைந்திருக்கிறது. கரையோர நிலங்களும் தொழில்களுக்காக நிரப்பப்பட்டிருக்கின்றன. சாம்பல் படிவுக்கு எதிராக மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்தபோது, கூழைக்கடாக்களின் இறகெல்லாம் கறுத்துப்போனதை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். அதே வெள்ளத்தில் மணலி புதுநகர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கடைமடை வடிகால் அடைபட்டால் மேலே உள்ள நெல்லும் மூழ்கும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் பேச்சைக் கேட்கும் நகரத்துப் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும்.

அத்திப்பட்டு தாண்டி மீஞ்சூர் வரை போங்கள். சென்னைக்குக் குடிநீர் தருவதற்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து பல ஆண்டுகள் நீர் இறைக்கப்பட்டது. மேலே இறைக்க இறைக்க, கீழே கடல்நீர் உள்ளே நகர்ந்தது. கடலோரக் கிராமங்களில் பாசனக் கிணறுகள் உவர்த்தன. 2010-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் தொடங்கப்பட்டது. நிலத்தடியில் நன்னீரை இழந்த பகுதியில், கடல்நீரைச் செலவழித்து நன்னீராக்குகிறோம். கிணறு வெட்டிய எவருக்கும் இது மனதில் தைக்கும்.

மீஞ்சூரில் இறங்கித் தேநீர் குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடலாம். மூச்சிரைப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் எண்ணூரில் இறங்கி நிற்கவேண்டாம். ரயிலிலிருந்தே பார்த்தால் போதும்.

நான்காம் நாள்: பழவேற்காடு

இதுவரை வந்த பயணங்கள் உடம்புக்கு ஒத்துக்கொண்டால், ஒரு முழு நாள் ஒதுக்கிப் பழவேற்காடு போகலாம். அதே கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரி வரை, அங்கிருந்து பேருந்து. வழியில் நெல் வயல்கள் வரும்போதே பாதி நோய் தீர்ந்துவிடும்.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவில்; தெற்குப் பகுதி நம்முடையது. ஆரணியாற்றின் நீர் இங்கே வந்து சேர்கிறது. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை பூநாரைகள் வரும். தலையைக் கவிழ்த்து, அலகைச் சல்லடையாக வைத்து அவை சேற்று நீரில் இரை தேடுவதைப் பார்க்க, தை, மாசி மாதக் காலைப் பொழுது நல்லது. மழை, புயல் ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

இங்குள்ள மீனவர்களிடம் 'பாடு' என்றால் என்ன என்று கேளுங்கள். ஏரியில் வலை கட்டும் இடங்களைப் பிரித்து, இன்ன நாளில் இன்னார் என்று முறை வைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது. எல்லாருக்கும் சுற்றி வரும். நம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி வைத்து முறை விட்டதும் இதுவும் ஒன்றேதான். முறைப்பாசனம் பார்த்தவரும் பாடு பார்த்தவரும் உட்கார்ந்து பேசினால் பொழுது போவதே தெரியாது.

டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கோட்டை கட்டினார்கள். கோட்டை அழிந்துவிட்டது; தொல்லியல் துறை பாதுகாக்கும் பழைய டச்சுக் கல்லறை இருக்கிறது. உள்ளூர்ப் பெண்கள் பின்னும் பனையோலைக் கூடைகள் கிடைத்தால் ஒன்று வாங்கி வாருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 2011 கிறிஸ்துமஸ் நாளில் இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. யாராவது அழைத்தாலும் ஏறாதீர்கள். பறவைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

கிளம்பும் முன்

* காலை கிளம்பி, 12 மணி முதல் 3 மணி வரை நிழலில் இருக்கும்படி திட்டமிடுங்கள்.
* குடிநீர், மாத்திரை, சிறு குடை, வழுக்காத செருப்பு கட்டாயம். சர்க்கரை நோயாளிகள் கையில் ஏதாவது சாப்பிட வைத்திருங்கள்.
* கழிப்பறைக்கு ரயில், மெட்ரோ நிலையங்களைப் பயன்படுத்துங்கள். கழிமுகம், ஏரிக்கரைகளில் வசதி குறைவு.
* பெயர், முகவரி, பிள்ளையின் செல்பேசி எண் எழுதிய சீட்டு சட்டைப் பையில் இருக்கட்டும். தனியாகப் போகாமல் துணையோடு போங்கள்.
* சென்னையில் வசிக்கும் 60 வயது கடந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவசப் பயண டோக்கன்கள் உண்டு. முகவரிச் சான்றோடு பணிமனையில் விசாரியுங்கள். பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் கட்டணமில்லை.
* புயல், கனமழை எச்சரிக்கை உள்ள நாளில் கடலோரம் வேண்டாம்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

கண்டுணர்வு சுற்றுலா என்றால் ஆராய்ச்சி நிலையம், முன்னோடிப் பண்ணை என்றுதான் அழைத்துப் போகிறோம். ஒருமுறையாவது உங்கள் வட்டார விவசாயிகளை அவர்கள் ஆற்றின் கழிமுகத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். பூண்டிப் பக்கத்து விவசாயிக்கு எண்ணூர், பொன்னேரி, ஆரணியாற்றுப் பாசனக்காரருக்குப் பழவேற்காடு, டெல்டாக்காரருக்கு முத்துப்பேட்டை. நீர் மேலாண்மை பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவதை, கழிமுகக் கரையில் பத்து நிமிடம் நிற்பது புரியவைத்துவிடும். ஓய்வுபெற்று நகரத்தில் இருக்கும் மூத்த விவசாயிகளையே வழிகாட்டியாக அழைத்துக்கொண்டால், அவர்களுக்கும் ஒரு வேலை கிடைத்த மாதிரி இருக்கும்.

ஊரில் இருந்தவரை தலைமடையில் தண்ணீர் வந்ததா என்றுதான் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர் எங்கே போய் முடிகிறது என்று பார்க்க நேரம் இருந்திருக்காது. இப்போது நேரம் இருக்கிறது. வரும் தை மாதம் ஒரு நாள் காலையில், வலப்பக்க ஜன்னல் ஓரம் ஓர் இடம் பிடியுங்கள்.