பழைய கமிட்டில் உங்க பெயர் இருக்கா?

இந்த வாரம் தாமுவேயில் இருந்து எழுதுறோம். எஸ்விஎன்-ல இருந்து கிட்டுக்கு மாறுறதைப் பற்றி எபிசோடில் பேசினோம். கோடு பெரும்பாலும் பத்திரமா வந்துடும். எழுதினவங்க பெயர்தான் வழியில் தொலைஞ்சு போகும். அதை எப்படிச் சரிபண்றது?

எஸ்விஎன் ஒவ்வொரு மாற்றத்துக்கும் லாகின் பெயரை மட்டுமே வைத்திருக்கும். கிட்டுக்கு முழுப் பெயரும் ஈமெயிலும் வேணும். ‘கிட் எஸ்விஎன்’ கருவியை அப்படியே ஓட்டினால், லாகினையே பெயராக்கி ஒரு போலி ஈமெயிலையும் ஒட்டிவிடும். கிட்ஹப் ஆளைக் கண்டுபிடிக்கிறது ஈமெயிலை வைத்துத்தான். அதனால் அஞ்சு வருஷ உழைப்பு உங்க புரொஃபைலில் வராது. வேலை தேடும்போதுதான் அது உறைக்கும்.

யாங்கோனில் இது கொஞ்சம் கூடுதல் சிக்கல். நம்மாட்கள் பலருக்கு வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர். பர்மிய வழக்கத்தில் குடும்பப் பெயரே கிடையாது. நமக்கோ இனிஷியல் முன்னாடியும் வரும், பின்னாடியும் வரும். ஒரே ஆள் மூணு பேரா நிற்பாங்க.

மாறுறதுக்கு முன்னாடியே ஒரு ‘ஆதர்ஸ் ஃபைல்’ எழுதுங்க. ஒரு லாகினுக்கு ஒரு வரி: லாகின், சமக்குறி, பெயர், ஈமெயில். பட்டியலில் இல்லாத லாகின் வந்தால் கருவி அங்கேயே நின்றுவிடும். நல்லதுதான், யாரும் விட்டுப்போக மாட்டாங்க. எந்தப் பெயர் வேணும்னு அவங்கவங்ககிட்டயே கேளுங்க. ‘யூசர்2’ யாருன்னு தெரிஞ்ச அண்ணன் வேலையை விட்டுப் போறதுக்குள்ள கேட்டுடுங்க.

நேரத்தையும் பாருங்க. எஸ்விஎன் நேரத்தை யுடிசியில் வைக்கும், மியான்மர் அதைவிட 6:30 மணி முன்னால். திங்கள் அதிகாலை 2 மணிக்குப் போட்ட கமிட், ஞாயிறு இரவு 7:30 என்று தெரியும். ‘லோக்கல்டைம்’ ஆப்ஷன் இதை மாற்றும். ஆனா அது கருவி ஓடுற கம்ப்யூட்டரின் நேரத்தைத்தான் எடுக்கும்.

ஏற்கெனவே மாறியாச்சா? ‘கிட் ஃபில்டர்-ரீப்போ’ பெயர்களைத் திருத்தித் தரும். ஆனா ஒரு கமிட்டில் பெயர் மாறினால் அதோட ஹாஷ் மாறும், அதுக்குப் பின்னால் வந்த எல்லா ஹாஷும் மாறும். எல்லாரும் புதுசா க்ளோன் பண்ணணும். பலர் பயன்படுத்துற ரீப்போன்னா ‘மெயில்மேப்’ ஃபைல் போதும். வரலாற்றைத் தொடாமல், லாகில் காட்டும்போது மட்டும் சரியான பெயரைக் காட்டும்.

2020 ஜனவரியில் ஜிசிசி கம்பைலர் கிட்டுக்கு மாறியப்போ, கமிட் போட்டவரை மட்டும் நம்பாமல், பழைய சேஞ்ச்லாக் ஃபைல்களைப் படித்து உண்மையில் எழுதினவங்க பெயரை எடுத்துச் சேர்த்தாங்க. சீனியர் லாகினில் ஜூனியர் வேலை ஏறியிருக்கிற டீம்கள் இதைக் கவனிக்கணும்.

இன்னிக்கே உங்க ரீப்போவில் ‘கிட் ஷார்ட்லாக்’ ஓட்டிப் பாருங்க. யார் பெயர் ரெண்டு தடவை வருது, யார் பெயர் வரவே இல்லைன்னு எங்களுக்கு எழுதுங்க.