வாசல் கோலம் போதும்!

சென்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் காபி டம்ளரைக் கையில் எடுத்தேனோ இல்லையோ, அடுத்த வீட்டு அம்மாள் படியேறி வந்துவிட்டார். முகத்தில் கோபமும் கவலையும் பாதிக்குப் பாதி கலந்திருந்தன.

"ஏன் ஸார், எங்கள் பெண் ஒன்பது வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் ராப்பகலாக உழைத்தாளே, உங்களுக்குத் தெரியாதா? குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். மூன்று வருஷம் கழித்து மறுபடி வேலை தேடப் போனால், 'நீங்கள் செய்தது எதையாவது காட்டுங்கள். இண்டர்நெட்டில் உங்களுக்கு ஒரு பக்கம் உண்டா?' என்று கேட்கிறார்களாம். உத்தியோகம் பார்க்கிற பெண் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொள்ள வேண்டுமா? நிறைகுடம் தளும்புமா, ஸார்?"

நியாயமான கேள்விதான். ஸாப்ட்வேர் உத்தியோகத்தில் மகனோ, மகளோ, மருமகளோ உள்ள பல வீடுகளில் இன்று எழும் கேள்வியும்கூட. ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

தச்சர் ஒருவரை, "உமக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால், தாம் இழைத்த கதவைக் காட்டுவார். தையற்காரி ரவிக்கையைக் காட்டுவாள். ஸாப்ட்வேர் எழுதுகிற பெண் எதைக் காட்டுவாள்? கம்பெனிக்காக அவள் எழுதியது கம்பெனியின் சொத்து. கடைசி நாளன்று லாப்டாப்பைத் திருப்பிக் கொடுத்ததும் அவளுடைய ஒன்பது வருஷமும் அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெளியே வருகிறபோது கையில் இருப்பது ஓர் அனுபவச் சான்றிதழ் மட்டுமே. இடைவிடாமல் வேலையில் இருப்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. கூட வேலை பார்த்தவர்கள் நல்ல வார்த்தை சொல்லுவார்கள். குழந்தைக்காகவோ, வயதான மாமியாருக்காகவோ இரண்டு மூன்று வருஷம் வீட்டில் இருந்தவளுக்குத்தான் இதன் கஷ்டம் தெரியும்.

கேட்டதால் கிடைத்தது

நிறைகுடம் தளும்ப வேண்டாம், வாஸ்தவம். ஆனால் அதை இருட்டறையில் பூட்டி வைத்தால் யாருடைய தாகம் தீரும்?

1991-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 25-ம் தேதி, பின்லாந்தின் ஹெல்ஸிங்கி ஸர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் ஒருவர், கம்ப்யூட்டர் பிரியர்கள் கூடும் ஒரு பொது இடத்தில் சிறு செய்தி எழுதினார். பொழுதுபோக்காக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் செய்துகொண்டிருப்பதாகவும், அதில் என்னென்ன இருந்தால் நல்லது என்று மற்றவர்கள் யோசனை சொல்லலாம் என்றும் அதில் கேட்டிருந்தார். அதில் தம்பட்டமே கிடையாது. அந்த மாணவர்தான் லினஸ் டோர்வால்ட்ஸ். அவர் செய்துகொண்டிருந்ததுதான் லினக்ஸ். உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் உதவிக்கு வந்தார்கள். 2017 நவம்பரில் வெளியான பட்டியலில் உலகின் அதிவேகமான 500 கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடின. உங்கள் கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதன் அடித்தளத்திலும் லினக்ஸ் இருக்கிறது.

கனடாவில் ஜூலியா எவன்ஸ் என்ற பெண்மணி இருக்கிறார். கம்ப்யூட்டரில் தமக்குப் புரியாமல் இருந்து பிறகு புரிந்த விஷயங்களை எளிய நடையில் எழுதுகிறார். கையால் படம் வரைந்து சின்னச் சின்னப் புத்தகங்களாகவும் போடுகிறார். 'எனக்கு எல்லாம் தெரியும்' என்ற தோரணை அவற்றில் இல்லை. அதனாலேயே கற்றுக்கொள்பவர்கள் அவற்றைத் தேடிப் படிக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். அமெரிக்காவின் ரிச்சர்ட் ஹிப் 2000-ம் வருஷம் எஸ்க்யூலைட் என்ற தகவல் பெட்டகத்தை உருவாக்கினார். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் ஒவ்வொரு ஐபோனிலும் அது இருக்கிறது. அவர் முகத்தை எத்தனை பேர் அறிவார்கள்? அவர் தம்மைப் பிரபலப்படுத்தவில்லை. தம் கைவேலையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தார். வேலை உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது.

ஆக, கைவேலை வெளியே தெரிவது ஒன்று. ஆள் பிரபலமாவது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் குழப்பமே வருகிறது.

பிரபலம் யோக்கியதாம்சம் அல்ல

வெறும் பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2024-ல் நடந்த சம்பவம் ஒன்று போதும். தகவல்களைச் சுருக்கி வைக்கும் எக்ஸ்இஸட் என்ற சிறு சாதனத்தைப் பல வருஷங்களாகச் சம்பளம் இல்லாமல் ஒருவரே பராமரித்து வந்தார். 2021-ல் ஜியா டான் என்ற பெயரில் ஓர் ஆசாமி வந்து சேர்ந்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் எல்லாரும் பார்க்கும்படி பொறுமையாக உதவிகள் செய்து நல்ல பெயர் சம்பாதித்தார். பிறகு 2024 பிப்ரவரியில் அதற்குள்ளேயே ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார்!

அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற எஞ்சினீயர். வழக்கமாகச் சட்டென்று முடியும் ஒரு வேலைக்கு அரை விநாடி கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்தார். 'அரை விநாடிதானே!' என்று விட்டுவிடவில்லை. நூல் பிடித்துப் போய்க் காரணத்தைக் கண்டார். மார்ச் 29-ம் தேதி கண்டதைக் கண்டபடி பகிரங்கமாக எழுதினார். பெரிய ஆபத்து ஒன்று விலகியது. பொதுவில் சம்பாதித்த பெயரைக் கொண்டு ஒருவர் கன்னம் வைத்தார். பொதுவில் எழுதிய ஒரு குறிப்பினால் இன்னொருவர் அதைத் தடுத்தார். ஆகையால் எழுதியவர் எத்தனை பிரபலம் என்று பார்ப்பதைவிட, எழுதியதில் விஷயம் இருக்கிறதா என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.

பெண்களுக்கு இதில் தனிச் சங்கடமும் உண்டு. ஸாப்ட்வேர் எழுதுவோர் தங்கள் வேலையைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் என்ற இடத்தில், மற்றவர் வேலைக்குத் திருத்தங்களும் அனுப்பலாம். அப்படிப்பட்ட லட்சக்கணக்கான திருத்தங்களை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அலசி, 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெண்கள் அனுப்பியவற்றில் நூற்றுக்கு 78-க்கு மேல் ஏற்கப்பட்டன. ஆண்கள் அனுப்பியவற்றில் 74-க்கு மேல். பேஷ் என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். அனுப்பியவர் அந்தக் கோஷ்டிக்குப் புதியவராக இருந்து, பெண் என்பதும் தெரிந்துவிட்டால் அந்த விகிதம் நன்றாகவே குறைந்துவிட்டது. ஆண்களுக்கும் குறைந்தது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

நேரம் இன்னொரு தொல்லை. ஆபீஸிலிருந்து வந்து, அடுப்பைப் பற்றவைத்து, குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, நாளைக்கு இட்லிக்கு அரைத்தும் வைப்பவளிடம், "ராத்திரியில் உட்கார்ந்து இண்டர்நெட்டில் உன் திறமையைக் காட்டு" என்றால் அது தர்மமா? பக்கம் இல்லை என்பதற்காக ஒருத்தியைத் திருப்பி அனுப்பும் கம்பெனி, திறமையை அளக்கவில்லை; அவளுக்கு ஓய்வு எவ்வளவு என்பதைத்தான் அளக்கிறது. ஆள் எடுப்பவர்கள் நேரிலேயே ஒரு சின்ன வேலை கொடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாமே!

கோலம் வாசலில், குடித்தனம் உள்ளே

அப்படியானால் என்னதான் செய்வது? அம்மாளிடம் நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நாம் தினமும் வாசலில் கோலம் போடுகிறோம். போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள். புள்ளி பிசகாமல் இழை இழுத்த கைக்குப் பெருமைதான். அதற்காகச் சமையலறையையும் படுக்கையறையையும் தெருவிலா கொண்டுபோய் வைக்கிறோம்?

மாதத்துக்கு ஒரு தரம், தான் அவிழ்த்த ஒரு முடிச்சைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் போதும். உதாரணமாக, 'மீனாட்சி' நமக்கு நாலு எழுத்து. கம்ப்யூட்டரோ உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி எட்டு என்கிறது! ஏழு இடம் மட்டுமே விட்ட கட்டத்தில் அந்தப் பெயரைப் போட்டால் 'மீனாட்ச' என்று வாலறுந்து நிற்கும். இதை எப்படிச் சரிசெய்வது என்று ஒருத்தி எழுதி வைத்தால், அதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் இன்னொருவருக்கு ஒரு ராத்திரித் தூக்கமாவது மிச்சமாகும்.

கம்பெனிக்காக எழுதிய வரிகளை மட்டும் வெளியே விடக் கூடாது. வேலை ஒப்பந்தத்தை ஒரு முறை படித்துப் பார்த்துவிட வேண்டும். வீட்டு விலாசம், குழந்தையின் படம், இன்று எங்கே போகிறோம் என்ற சமாசாரம் எதுவும் வேண்டாம். விருப்பமானால் புனைபெயர் வைத்துக்கொள்ளலாம். நம் பத்திரிகைகளில் எத்தனையோ பேர் அப்படித்தானே எழுதியிருக்கிறார்கள்? முக்கியமாக, வேலையில் இருக்கும்போதே தொடங்கிவிடுவது நல்லது. மழை வந்த பிறகு கூரை வேய முடியாது. பிடிக்காதவர்கள் எழுத வேண்டாம். எழுதாததால் ஒருவர் கெட்டிக்காரத்தனம் குறைந்துபோவதில்லை.

அம்மாள் ஒன்றும் பதில் சொல்லாமல் எழுந்து போனார். நாலு நாள் கழித்து மாடிப்படியில் எதிர்ப்பட்டார்.

"ஸார், குழந்தை தூங்கின பிறகு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினாளாம். யாரோ ஒரு பையன், நம்ம ஊர்க்காரன் கூட இல்லை, 'ரெண்டு நாளாக இதில்தான் மாட்டிக்கொண்டிருந்தேன், ரொம்ப உபகாரம்' என்று எழுதியிருக்கிறானாம்!"

"வேலை?"

"அது இன்னும் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை ஒரு பேட்டி இருக்கிறது. இந்தத் தடவை வெறுங்கையோடு போகவில்லை, ஸார்" என்றார்.