டிஸ்டோனியா: தானாக இறுகும் தசைகளுக்கு என்ன சிகிச்சை?

உங்கள் கழுத்து தானாகவே ஒரு பக்கம் திரும்பிக்கொள்கிறதா? கண் இமைகள் இறுக மூடிக்கொண்டு திறக்க மறுக்கின்றனவா? எழுதும்போது மட்டும் விரல்கள் மடங்கி இறுகுகின்றனவா? இவை டிஸ்டோனியாவின் அறிகுறிகளாக இருக்கலாம்.

தசைகளை இயக்க மூளை அனுப்பும் சமிக்ஞைகள் சீராக இல்லாததால் இது ஏற்படுகிறது. இது மனநோய் அல்ல, பிறருக்குத் தொற்றாது. சுளுக்கு என்று நினைத்து, கழுத்தை வலுக்கட்டாயமாகத் திருப்பிவிடச் சொல்லாதீர்கள். பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் கொண்டு செல்லுங்கள். வாந்தியை நிறுத்தும் சில மருந்துகளாலும் மனநல மருந்துகளாலும்கூட இத்தகைய இறுக்கம் வரலாம்.

டிஸ்டோனியா பெரும்பாலும் முழுமையாகக் குணமாவதில்லை. ஆனால், சிகிச்சையால் அதைக் கட்டுப்படுத்தலாம்.

போட்டுலினம் ஊசி
கழுத்து, கண் இமை போன்ற ஒரு பகுதி மட்டும் பாதிக்கப்பட்டால், பெரும்பாலும் இதுவே முதல் சிகிச்சை. இறுகும் தசையில் சிறிதளவு மருந்து செலுத்தப்படும். சில நாள்களில் தசை தளரத் தொடங்கும். பலன் ஏறக்குறைய 3 மாதங்கள் நீடிக்கும். பிறகு இறுக்கம் திரும்பினால், சிகிச்சை தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். மருந்தின் பலன் குறைவது இயல்பே. அடுத்த ஊசிக்கான நாளைத் தவறவிடாதீர்கள்.

கழுத்தில் ஊசி போட்டபின் விழுங்குவது சற்றுச் சிரமமாகலாம். இமையில் போட்டால் இமை தொங்கலாம், கண் வறண்டு போகலாம். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து உட்கொண்டால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மாத்திரைகள்
முதியவர்களுக்குச் சில மாத்திரைகளால் தூக்கக் கலக்கம், மறதி, மலச்சிக்கல், தடுமாறி விழும் அபாயம் ஏற்படலாம். அதனால், குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். கண் அழுத்த நோயோ சிறுநீர் கழிப்பதில் சிரமமோ இருந்தால் மருத்துவரிடம் கூறுங்கள். மாத்திரைகளை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

பிசியோதெரபி
உடல் நிலையைச் சரிசெய்யவும் வலியைக் குறைக்கவும் பயிற்சிகள் உதவும். தாடையை விரலால் இலேசாகத் தொட்டாலே சிலருக்குக் கழுத்து நேராகும். உங்களுக்கும் அப்படி ஏதேனும் பலனளித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அறுவை சிகிச்சை
மற்றவை பலனளிக்காதபோது, மூளையில் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, மார்புத் தோலுக்கடியில் வைக்கும் கருவியால் மின்தூண்டல் அளிப்பது பற்றி நிபுணர் பேசலாம். முழுப் பலன் தெரியப் பல மாதங்கள் ஆகலாம். இது எல்லாருக்கும் பொருந்தாது.

உடனே 995ஐ அழையுங்கள்
• ஊசிக்குப் பிறகு மூச்சுத் திணறினாலோ எச்சிலைக்கூட விழுங்க முடியாவிட்டாலோ
• திடீரென்று முகம் கோணினாலோ கை செயலிழந்தாலோ பேச்சுக் குழறினாலோ (இவை பக்கவாதத்தின் அறிகுறிகள்)

மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது குடும்பத்தார் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். இறுக்கம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்பதைக் குறித்துவைத்துக் காட்டுங்கள். உங்களுக்கு ஏற்ற சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.