தட்டிலே ஒரு பின்னக் கணக்கு

"அரை பெரிசா, எட்டில் நாலு பெரிசா?" என்று கேட்டால், பல குழந்தைகள் "எட்டில் நாலுதான்" என்று சொல்லிவிடும். எண் பெரிசாக இருக்கிறதே! அதட்டாதீர்கள், சகோதரிகளே. பயம் புகுந்துவிட்டால் அப்புறம் கணக்கே வேப்பங்காய்தான்.

ஒரு தோசையைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியைக் குழந்தையின் தட்டில் வையுங்கள்: 1/2. இரு பாதிகளையும் இரண்டிரண்டாக்கினால், தட்டில் 2/4. இன்னொரு தடவை வெட்டினால் 4/8. துண்டுதான் கூடிற்று, தோசை கூடவில்லையே! அதைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும்.

பிறகு விதியைச் சொல்லுங்கள்: மேலே உள்ள தொகுதியையும் கீழே உள்ள பகுதியையும் ஒரே எண்ணால் பெருக்கினால் சமான பின்னம் கிடைக்கும். கூட்டக் கூடாது. 1/2-இல் மேலும் கீழும் 1 கூட்டினால் 2/3. அது பாதியைவிட அதிகமாச்சே!

இரண்டு அரைக்கால் ஒரு கால் என்பார்களே நம் பாட்டிமார், அதுவும் இதேதான்: 2/8 = 1/4.